எலிக்கு வந்த தைராய்டு நோயும் நம்ம வீட்டு உப்பும்

"அயோடின் கொடுத்த எலிகளுக்குத் தைராய்டு நோய் வந்துவிட்டது, ஆகவே எல்லாரும் பழைய கல்லுப்புக்கே திரும்புங்கள்" என்று ஒரு வாட்ஸப் செய்தி கொஞ்ச நாளாகச் சுத்திக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டு லாத்தாவுக்குச் சிதம்பரத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் டி.பி.ஓ. ஆன்டிபாடி அதிகம் என்று வந்திருந்தது. அவங்க அந்தச் செய்தியைக் காட்டி, "ஏன் தம்பி, இது நெசமா? பாக்கெட் உப்பை நிறுத்திடவா? பரங்கிப்பேட்டையில கடலுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு நமக்கு எதுக்கு அயோடின்?" என்று கேட்டாங்க.

மூணு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில், நெசம்தான். சிக்கலே அதுதான். பொய்யாக இருந்திருந்தா ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவங்க வீட்டில் மருமகளுக்கு இப்போ அஞ்சு மாசம். ஒரே அடுப்பு, ஒரே உப்பு. அதனால் அவசரமாக ஒரு பதில் சொல்லிவிட்டு, முழுசா எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

செய்தியில் வருகிற எலி உண்மையிலேயே இருக்கிறது. சரியாகச் சொன்னா அது எலி இல்லை, சுண்டெலி. ஆராய்ச்சிக்கூடங்களில் அதற்கு என்.ஓ.டி. எச்-2 எச்-4 என்று பெயர். குடிக்கிற தண்ணீரில் அயோடின் உப்பைக் கலந்து வைத்தால் ஏறக்குறைய எட்டு வாரத்தில் அதன் தைராய்டுக்குள் வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாக நுழைந்துவிடும். அந்தச் சுண்டெலி நமக்கு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று புரிய வேண்டுமானால், அதை ஏன் உருவாக்கினார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தைராய்டு பற்றி நாலு வரி. கழுத்தில் குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற சுரப்பி. அது தயாரிக்கும் டி-4 ஹார்மோனில் நாலு அயோடின் அணு, டி-3யில் மூணு. தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதத்தின் மேல் அயோடினை ஒட்டவைத்து, பிறகு அந்தப் புரதத்தை நறுக்கி ஹார்மோனை வெளியே எடுக்கிறது. ஒட்டவைக்கிற வேலையைச் செய்யும் நொதிதான் தைராய்டு பெராக்சிடேஸ், அதாவது லாத்தாவின் ரிப்போர்ட்டில் இருந்த டி.பி.ஓ. உடம்பின் எதிர்ப்புச் சக்தி இந்த நொதியையோ தைரோகுளோபுலினையோ வெளி ஆளாக நினைத்துத் தாக்கினால் சுரப்பி மெல்ல அழிந்து ஹார்மோன் குறையும். இது ஹாஷிமோட்டோ நோய். டி.எஸ்.எச். ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியைத் தாக்கும் ஆன்டிபாடி இன்னொரு ரகம். அது சுரப்பியை அழிக்காமல், ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்த மாதிரி ஓடவைக்கும். அது கிரேவ்ஸ் நோய்.

நம் நாட்டில் இது அபூர்வம் இல்லை. சென்னை உட்பட எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்து 2013இல் வெளியான ஆய்வில், சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. டி.பி.ஓ. ஆன்டிபாடி இருந்தவர்களோ சுமார் 22 சதவீதம். இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் கவனியுங்க. ஆன்டிபாடி இருக்கிற எல்லாருக்கும் நோய் இல்லை. இந்த இடைவெளி பின்னால் சுண்டெலியிடமும் வரும்.

இப்போ கதைக்கு வருவோம். 1956 ஒரு விசேஷமான வருஷம். அதுவரைக்கும் மருத்துவ உலகம் ஒரு விஷயத்தைக் கிட்டத்தட்ட வேதவாக்காக நம்பியது: உடம்பு தன்னையே தாக்காது. ஜெர்மனியின் பால் எர்லிக் 1900ஐ ஒட்டிச் சொன்ன கருத்து அது. ஜப்பானின் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912லேயே நாலு பெண்களின் தைராய்டில் வெள்ளையணுக்கள் நிறைந்திருப்பதைப் பார்த்து எழுதியிருந்தார். ஆனா ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் எர்ன்ஸ்ட் வைடெப்ஸ்கி என்ற பேராசிரியர். எர்லிக்கின் சிஷ்யர் ஹான்ஸ் சாக்ஸிடம் பயின்றவர், அந்தப் பரம்பரையின் நேர் வாரிசு. அவரிடம் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் நோயல் ரோஸ். ஒவ்வொரு உறுப்புக்கும் தனியான புரதங்கள் எவை என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. வேறு விலங்கின் தைரோகுளோபுலினை முயலுக்குள் செலுத்தினால் ஆன்டிபாடி வரும், அதில் ஆச்சரியம் இல்லை. முயலின் தைரோகுளோபுலினையே முயலுக்குச் செலுத்தினால்? எர்லிக் கணக்குப்படி ஒன்றும் வரக்கூடாது. வந்தது. இன்னும் உறுதியாகப் பார்க்க, ஒரு முயலின் தைராய்டில் ஒரு பாதியை அறுத்து எடுத்து, அதன் சாற்றை எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் எண்ணெய்க் கலவையோடு சேர்த்து அதே முயலுக்குள் செலுத்தினார்கள். ஆன்டிபாடி வந்தது. கழுத்தில் விட்டுவைத்த மீதிப் பாதியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஹாஷிமோட்டோ வரைந்து காட்டிய அதே காட்சி.

குருவின் குருவுடைய சொல்லையே உடைக்கிற முடிவு. வைடெப்ஸ்கிக்கு அதை ஏற்றுக்கொள்வது எளிதாக இருக்கவில்லை. திரும்பத் திரும்பச் சோதித்த பிறகுதான் 1956இல் வெளியிட்டார்கள். அதே வருஷம் லண்டனில் ரோயிட், டோனியாக், கேம்ப்பெல் மூவரும் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதைக் காட்டினார்கள். அதே வருஷம் நியூசிலாந்தின் டனீடின் ஊரில் ஆடம்ஸும் பர்வ்ஸும், கிரேவ்ஸ் நோயாளியின் ரத்தத்தைக் கினிப்பன்றிக்குச் செலுத்தினால் அதன் தைராய்டு வழக்கமான டி.எஸ்.எச். கொடுத்ததைவிட நெடுநேரம் தூண்டப்படுவதைக் கண்டார்கள். பின்னால்தான் தெரிந்தது, அது ஹார்மோன் இல்லை, ஆன்டிபாடி. முயல், மனிதன், கினிப்பன்றி மூணும் ஒரே வருஷத்தில் ஒரே கதவைத் தட்டியிருக்கின்றன.

இன்னொன்றும் அதே 1956இல்தான். இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர், ஒரு லட்சம் மக்கள் இருக்கிற பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுக்கத் தொடங்கினார்கள். கழுத்துக்கழலை அங்கே ஊர் முழுக்க இருந்த வியாதி. ஆறு வருஷத்தில் அயோடின் உப்பு போன இரண்டு பகுதிகளிலும் கழலை பாதி அளவுக்குக் குறைந்தது, சாதா உப்பு போன பகுதியில் குறையவில்லை. நம் நாட்டின் உப்புத் திட்டத்துக்கு அடித்தளமே இந்த ஆய்வு. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. உப்பும் தன்னெதிர்ப்பு நோயும் ஒன்றையொன்று தெரியாமல் ஒரே வருஷத்தில் புறப்பட்டன. சந்திக்க இன்னும் முப்பது வருஷம் ஆனது.

விலங்குக்கு வருவதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றி. நோயை ஆராய்வதற்காக ஒரு விலங்கில் உண்டாக்கும் நிலையை விஞ்ஞானத் தமிழில் 'விலங்கு மாதிரி' என்கிறோம். நல்ல மொழிபெயர்ப்பு, தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ. நம் பேச்சில் 'மாதிரி' என்றால் 'போல' என்றுதான் பொருள். அவன் அண்ணன் மாதிரி என்றால் அவன் அண்ணன் இல்லை. முயலுக்கு வந்தது ஹாஷிமோட்டோ மாதிரி. அதற்குத் தூண்டியது ஊசியும் எண்ணெய்க் கலவையும். லாத்தாவுக்கு யாரும் ஊசி போடவில்லை.

இந்தக் குறையை ஆராய்ச்சியாளர்களே முதலில் சொன்னார்கள். தானாக நோய் வருகிற விலங்கு வேண்டும் என்று தேடினார்கள். கிடைத்தது கோழிப்பண்ணையில். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராண்டால் கோல் வளர்த்த வெள்ளை லெகார்ன் கோழிகளில் சில குட்டையாக, கொழுத்து, பட்டுப்போன்ற இறகோடு, குளிர் தாங்காமல், முட்டை சரியாக இடாமல் இருந்தன. நம்ம ஊரில் என்றால் முதல் வாரமே பிரியாணிக்குப் போயிருக்கும். கோல் அவற்றைத் தனியாக வைத்து இனப்பெருக்கம் செய்தார். பிறந்த சில வாரங்களிலேயே தைராய்டு அழிந்து ஹார்மோன் குறைகிற கோழி இனம் உருவானது. இன்றுவரை மனிதனின் ஹாஷிமோட்டோவுக்கு மிக நெருக்கமானது இந்தக் கோழிதான் என்பது என் கருத்து, ஏன் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

கோழியில் செய்ய முடிந்த ஒரு சோதனை வேறு எதிலும் அத்தனை சுத்தமாகச் செய்ய முடியாது. பறவைகளில் ஆன்டிபாடி செய்யும் அணுக்கள் வால் பக்கத்தில் உள்ள ஃபேப்ரீசியஸ் பை என்ற தனி உறுப்பில் வளர்கின்றன. டி-அணுக்கள் கழுத்திலுள்ள தைமஸில். அந்தப் பையை அகற்றினால் நோய் தணிந்தது. குஞ்சு பொரித்ததும் தைமஸை அகற்றினால்? டி-அணுக்கள்தான் தாக்குகின்றன என்றால் நோய் குறைய வேண்டும். மாறாக அதிகமானது. அதாவது டி-அணுக்களில் தாக்குகிறவை மட்டும் இல்லை, தாக்காதே என்று பிடித்து நிறுத்துகிறவையும் இருக்கின்றன. 1970இல் கோழி காட்டிய இந்தக் குறிப்பை முழுசாகப் புரிந்துகொள்ள எதிர்ப்பியலுக்கு இன்னும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தேவைப்பட்டது.

சுண்டெலி பக்கம் வேறு ஒரு கேள்வி போய்க்கொண்டிருந்தது: ஒரே ஊசி போட்டாலும் சில சுண்டெலி இனத்துக்கு மட்டும் ஏன் நோய் வருகிறது? 1971இல் விளாடுட்டியுவும் ரோஸும் பதில் சொன்னார்கள். எதிர்ப்புச் சக்திக்குப் புரதத் துண்டுகளைத் தட்டில் வைத்துக் காட்டும் மூலக்கூறுகள் இருக்கின்றன. அந்தத் தட்டு எந்த வடிவம் என்பதை ஒரு குறிப்பிட்ட மரபணுத் தொகுதி தீர்மானிக்கிறது. அந்தத் தொகுதி எந்த வகை என்பதைப் பொறுத்தே நோய். 1996இல் டெட்ராய்டின் இ-சி காங்கும் மேயோ கிளினிக்கின் செல்லா டேவிட்டும் மற்றவர்களும் மனிதனுடைய தட்டையே சுண்டெலிக்குள் வைத்துப் பார்த்தார்கள். டி.ஆர்-3 என்ற மனித வகை வைத்த சுண்டெலிக்கு நோய் வந்தது, டி.ஆர்-2 வைத்ததற்கு வரவில்லை. குடும்பத்தில் ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தருக்கும் ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு இது விடையின் ஒரு துண்டு.

கிரேவ்ஸ் நோய்க்கு மாதிரி செய்வதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அந்த நோய் எந்த விலங்குக்கும் இயற்கையாக வருவதாகத் தெரியவில்லை. பூனைக்குத் தைராய்டு அதிகமாகும், ஆனா அது கட்டியால். டி.எஸ்.எச். ஏற்பியின் மரபணு 1989இல் கைக்கு வந்ததும் அந்தப் புரதத்தைத் தயாரித்துச் சுண்டெலிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். ஆன்டிபாடி வந்தது, நோய் வரவில்லை. புரதம் உயிருள்ள செல்லின் மேல் சரியான வடிவத்தில் நின்றால்தான் சரியான ஆன்டிபாடி வரும் என்று புரிய ஏழு வருஷம். 1996இல் ஜப்பானின் ஷிமோஜோ குழு, ஏற்பியையும் தட்டு மூலக்கூறையும் சேர்த்துத் தாங்கிய உயிருள்ள செல்களைச் செலுத்தியபோது சில சுண்டெலிகளுக்கு உண்மையிலேயே தைராய்டு அதிகமானது. 2002இல் நாகசாகியில் நாகயாமா குழு வைரஸ் ஒன்றின் முதுகில் அந்த மரபணுவை ஏற்றி அனுப்பி, ஒரு இனத்தின் பெண் சுண்டெலிகளில் ஏறக்குறைய பாதிக்கு நோயை வரவழைத்தது. கண் பிதுங்குகிற பாகம் மட்டும் அப்போதும் பிடிபடவில்லை. 2013இல்தான் லண்டனில் பங்கா குழு அதில் ஓரளவு வெற்றி கண்டது.

சரி, அயோடின். கோழிக்குத் திரும்புவோம். 1985இல் நந்தலால் பக்சி, ராய் சண்டிக் குழுவினர், நோய்க்கு லேசான மரபுச் சாய்வு மட்டும் உள்ள கோழிகளுக்கு அயோடினை அதிகமாகக் கொடுத்து நோய் கூடுவதைக் காட்டினார்கள். காரணம் மெல்லத் தெளிவானது. அயோடின் நிறைய ஒட்டிய தைரோகுளோபுலின் எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் சுலபமாகப் படுகிறது. அயோடின் ஒட்டாத தைரோகுளோபுலினைச் சில டி-அணுக்கள் கண்டுகொள்வதே இல்லை. உப்பும் தன்னெதிர்ப்பு நோயும் சந்தித்தது இந்த இடத்தில்தான். 1990களில் வந்த என்.ஓ.டி. எச்-2 எச்-4 சுண்டெலி அந்தச் சந்திப்பைச் சுலபமாகப் பார்க்க ஒரு ஜன்னல். தன்னெதிர்ப்பு நோய்க்கு ஏற்கெனவே சாய்ந்த என்.ஓ.டி. இனம், அதன் மேல் தைராய்டுக்குப் பலவீனமான தட்டு மரபணு. ஊசி வேண்டாம், தண்ணீரில் அயோடின் போதும். அயோடின் இல்லாமலே வயசானால் அவற்றில் பலவற்றுக்கு லேசாக நோய் வரும். அயோடின் அதை வேகப்படுத்துகிறது, கூட்டுகிறது.

ஆக, வாட்ஸப் செய்தியின் முதல் வரி சரி. இப்போ அதில் இல்லாத மூணு விஷயம்.

ஒன்று, அளவு. அந்தத் தண்ணீரில் கலப்பது வழக்கமாக 0.05 சதவீதம் சோடியம் அயோடைடு. லிட்டருக்கு 500 மில்லிகிராம், அதில் அயோடின் மட்டும் 420 மில்லிகிராம் போல. ஒரு சுண்டெலி நாளைக்கு நாலைந்து மில்லி தண்ணீர் குடிக்கும். ஆக நாளைக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் அயோடின், 25 கிராம் எடையுள்ள உடம்புக்கு. கிலோவுக்கு 80 மில்லிகிராம். இதையே 60 கிலோ ஆளுக்குப் பெருக்கினால் 4,800 மில்லிகிராம். கடைக்கு வரும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கில் சுண்டெலிக்குச் சமமாக அயோடின் எடுக்க லாத்தா நாளைக்கு 320 கிலோ உப்பு தின்ன வேண்டும். சின்ன உடம்பு வேகமாக வேலை செய்யும், நேராகப் பெருக்கக்கூடாது என்று யாராவது சொல்லலாம், நியாயம்தான். சுண்டெலிக்கு மருந்தியலில் பன்னிரண்டால் வகுப்பது வழக்கம். வகுத்தாலும் 26 கிலோ.

இரண்டு, யாருக்கு. அதே தண்ணீரைக் குடிக்கிற பெரும்பாலான மற்ற சுண்டெலி இனங்களுக்கு இந்த நோய் வருவதில்லை. தன்னெதிர்ப்பு நோய்க்கு ஏற்கெனவே சாய்ந்த இனம் இது.

மூன்று, என்ன வந்தது. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தச் சுண்டெலிகளின் தைராய்டில் வெள்ளையணுக்கள் நிறைகின்றன, ரத்தத்தில் ஆன்டிபாடி ஏறுகிறது. ஆனா பெரும்பாலும் ஹார்மோன் குறைவதில்லை. சுரப்பி வேலை செய்துகொண்டே இருக்கிறது. கோழிக்கு அப்படி இல்லை, அதற்கு உண்மையிலேயே சுரப்பி அழிந்து ஹார்மோன் தீர்ந்துபோகிறது. அதனால்தான் கோழியை நெருக்கமான மாதிரி என்றேன். 22 சதவீதத்துக்கும் 11 சதவீதத்துக்கும் இடையில் பார்த்த இடைவெளி இங்கேயும் அப்படியே நிற்கிறது. ஆன்டிபாடியிலிருந்து நோய்க்குப் போகிற கடைசி அடியை எது எடுக்கவைக்கிறது என்பதற்கு இந்தச் சுண்டெலி பதில் சொல்லாது.

இவ்வளவு சொன்னதால் அயோடினுக்கும் மனிதர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. அப்படிச் சொன்னா நானும் வாட்ஸப் ஆள்தான். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 1990களில் உப்புக்கு அயோடின் வந்தது. பிரேமவர்தன குழுவினர் 11 முதல் 16 வயசு வரைக்குமான 367 பள்ளி மாணவிகளைப் பரிசோதித்து 2000இல் வெளியிட்டார்கள். தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்டிபாடி 11 வயசில் சுமார் 14 சதவீதம், 16 வயசில் சுமார் 70 சதவீதம். அயோடின்தான் காரணமா என்று அவர்களே தலைப்பில் கேள்வி வைத்தார்கள். அதேசமயம் டி.பி.ஓ. ஆன்டிபாடி அந்த அளவுக்கு ஏறவில்லை. சுண்டெலியில் பார்த்த காட்சிக்கு இது வெகு பக்கம்: தைரோகுளோபுலின் முதலில் கண்ணில் படுகிறது. சீனாவில் அயோடின் குறைவு, போதும், அதிகம் என்று மூன்று பகுதிகளை ஐந்து வருஷம் பின்தொடர்ந்து 2006இல் வெளியான ஆய்விலும், குறைவான பகுதியைவிட மற்ற இரண்டிலும் தன்னெதிர்ப்புத் தைராய்டு அழற்சி கூடுதலாக இருந்தது. பெரும்பாலும் லேசானது.

ஆகவே அயோடினைக் கூட்டும்போது ஒரு சமூகத்தில் லேசான தன்னெதிர்ப்பு கொஞ்சம் கூடும் என்பது உண்மை. எதிர்த்தட்டில் என்ன வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. அயோடின் குறைந்த தாயின் வயிற்றில் வளரும் குழந்தையின் மூளை. முதல் மாதங்களில் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது, அம்மாவிடமிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. லேசான தைராய்டு குறைவுக்கு மாத்திரை இருக்கிறது. கருவிலேயே குறைந்த மூளை வளர்ச்சியைப் பிறகு திருப்பிக் கொண்டுவர மாத்திரை கிடையாது. இரண்டும் சமமான நஷ்டம் இல்லை. லாத்தாவிடம் நான் முதலில் சொன்னதும் உப்பைப் பற்றி இல்லை, மருமகளின் அஞ்சு மாசத்தைப் பற்றித்தான்.

மூணாவது கேள்வி மிச்சம் இருக்கிறது: கடலோரத்தில் இருக்கிற நமக்கு எதுக்கு? இது லாத்தா மட்டும் கேட்கிறது இல்லை, வெள்ளாற்று முகத்துவாரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் கேட்கிறார்கள். கடல் நீர் லிட்டரில் அயோடின் 50, 60 மைக்ரோகிராம்தான். அதே லிட்டரில் உப்பு 35 கிராம். ஒரு கிலோ உப்புக்கு ஏறக்குறைய 28 லிட்டர் கடல் நீர் வற்ற வேண்டும். அதிலிருந்த அயோடின் ஒரு துளிகூட வீணாகாமல் உப்போடு தங்கினாலும் கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராம். சட்டம் கேட்கிற பதினைந்தில் பத்தில் ஒரு பங்கு. பாத்தியில் வெயிலில் காயும்போது அதுவும் தங்காது. கல்லுப்பு கடலிலிருந்து வந்தது என்பதால் அதில் அயோடின் இருக்கும் என்பது கேட்க நன்றாக இருக்கும், கணக்குக்கு நிற்காது. மீன், இறால், நண்டில் ஓரளவு இருக்கிறது, தினம் சாப்பிடுகிறவருக்கு அது உதவும். மசக்கையில் மீன் வாசனையே ஆகாது என்று ஒதுக்குகிற மருமகளுக்கு?

இந்தக் 'கடல் பக்கம்' நம்பிக்கைக்கு விலை இருக்கிறது. 2018-19இல் எடுத்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுக்க 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் கடைசி இடம். நாட்டிலேயே உப்பு அதிகம் விளையும் மாநிலங்களில் ஒன்று நாம். உப்பு விளைகிற ஊரில் உப்பளத்து உப்பு நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறது, நடுவில் அயோடின் தெளிக்க ஆள் இல்லை. சட்டமும் ஒரே நிலையில் நிற்கவில்லை. அயோடின் இல்லாத சமையல் உப்பு விற்க மத்திய அரசு போட்ட தடை 2000இல் நீக்கப்பட்டு, 2006இல்தான் திரும்ப வந்தது. இன்னொரு பழக்கமும் உண்டு. அயோடின் தெளித்த கல்லுப்பு வாங்கினாலும் அழுக்குப் போக ஒரு அலசு அலசி, வடிகட்டித்தான் சிலர் ஜாடியில் போடுவார்கள். தெளித்த அயோடின் உப்புக் கல்லின் மேல்பரப்பில்தான் இருக்கிறது. அலசின தண்ணீரோடு போய்விடும்.

நடுவில் ஒன்று. முயலின் பாதிச் சுரப்பியை அறுத்தார்கள், கோழிக்குஞ்சின் தைமஸை எடுத்தார்கள் என்று நான் சுலபமாக எழுதிவிட்டேன். சுலபமான காரியம் இல்லை. இந்தியாவில் 1960ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மேற்பார்வைக் குழுவும் 1998 விதிகளும் இருக்கின்றன. எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, வலியைக் குறைக்க என்ன ஏற்பாடு என்று ஒவ்வொரு ஆய்வுக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அத்தனை உயிரைக் கொடுத்துக் கிடைத்த ஒரு முடிவை அரை வரியாக வெட்டி ஃபார்வர்டு செய்வது எனக்கு அதனாலும் பிடிக்கவில்லை.

அப்போ அந்தச் சுண்டெலியின் எச்சரிக்கை யாருக்குத்தான் பொருந்தும்? உப்பு ஜாடிக்கு இல்லை. அமெரிக்க நிபுணர் குழு பெரியவர்களுக்கு நிர்ணயித்த உச்சவரம்பு நாளைக்கு 1,100 மைக்ரோகிராம். கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் உள்ள நல்ல உப்பிலிருந்தே அந்த அளவைத் தாண்ட 36 கிராமுக்கு மேல் உப்பு வேண்டும். அதற்கு வெகு முன்னாலேயே ரத்த அழுத்தம் வந்து நிற்கும். அந்த வரம்பைத் தாண்டுகிற வழிகள் வேறு. 'தைராய்டுக்கு இயற்கை மருந்து' என்று ஆன்லைனில் விற்கிற கெல்ப் கடற்பாசி மாத்திரை. பாசிக்குப் பாசி அயோடின் பல மடங்கு வித்தியாசப்படும், டப்பாவில் போட்டிருக்கிற எண்ணை நம்ப முடியாது. டி.பி.ஓ. ஆன்டிபாடி இருக்கிறவர்கள்தான் பெரும்பாலும் இதைத் தேடி வாங்குகிறார்கள், அவர்களுக்குத்தான் இது ஆகாது. சொட்டு மருந்தாக விற்கிற அயோடின் கரைசலும் அப்படியே. லாத்தா பையிலிருந்தும் ஒரு டப்பா வெளியே வந்தது, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. அதை நிறுத்திவிட்டு, டி.எஸ்.எச். எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்க என்றேன். ஆன்டிபாடி எண்ணைவிட அதுதான் சுரப்பி வேலை செய்கிறதா என்று சொல்லும்.

இன்னொன்று இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் மாத்திரை. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின் கோத்திருக்கிறது. அதில் நாளைக்கு ஆறேழு மில்லிகிராம் உடம்பில் பிரிந்து வருகிறது, நமக்குத் தேவையானதைப்போல நாற்பது மடங்கு. உயிர் காக்கும் மருந்து, தானாக நிறுத்தக்கூடாது. அதைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சில மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு டெஸ்ட் எழுதிக் கொடுப்பது இதனால்தான். டெஸ்ட் சீட்டைக் கொடுத்தால் வீண் செலவு என்று ஓரமாக வைக்காமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாங்க.